எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது?
ஹொக்கைடோவின் சிப்பிக் கடலும் ஒரு நீல முத்திரையும்

1

2013ஆம் ஆண்டு மே மாதத்தில், யப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் ஸ்கலொப் சிப்பித் தொழிலுக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது. இலண்டனில் தலைமையகம் கொண்ட மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில், சுருக்கமாக எம்.எஸ்.சி., வகுத்த நியமங்களின்படி வழங்கப்பட்டது அது. அச்சான்றிதழ் சொன்ன செய்தி இதுதான்: இந்தக் கடலிலிருந்து எடுக்கப்படுவது, இந்தக் கடல் மீண்டும் தரக்கூடியதற்கு மேற்படவில்லை. ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தைகளுக்குப் போகும் ஹொக்கைடோச் சிப்பிப் பொதிகளில், நீல நிறத்தில் மீன் உருவம் பொறித்த அந்தச் சிறு முத்திரையைக் குத்த வழி பிறந்தது.

இத்தகைய முத்திரைகள் குறித்து எம்மிடையே இரண்டு விதமான பேச்சுகள் உண்டு. முதலாவது பேச்சு, இவை அனைத்தும் பச்சை நிறம் பூசிய ஏகாதிபத்தியமே என்கிறது. உலகின் கடல்களை முந்நூறு ஆண்டுகளாக வாரிச் சென்றவர்களே இப்போது மற்றவர்களின் கடல்களுக்கு நன்னடத்தைப் பத்திரம் வழங்குகிறார்கள் என்பது அதன் வாதம். இரண்டாவது பேச்சு இதற்கு நேரெதிரானது. அரசுகள் கைவிட்ட இடத்தில் நுகர்வோர் எழுந்து நின்று, தமது பணப்பையின் பலத்தால் கடலைக் காக்கிறார்கள் என்று அது மகிழ்கிறது.

இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் ஒரே குறைபாடு. இரண்டுமே கதையைச் சான்றிதழிலிருந்து தொடங்குகின்றன. ஒரு கடல் எப்படி அழிந்தது, யார் அதை மீட்டார்கள், எந்த உரிமையின் பலத்தில் மீட்டார்கள், அந்த உரிமை அவர்களுக்கு யாரிடமிருந்து வந்தது என்ற கேள்விகள் இரண்டிலும் எழுவதில்லை. ஹொக்கைடோவின் கதையை இந்தக் கேள்விகளோடு வாசித்தால் வேறொரு முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது. சான்றிதழ் அங்கு நீடித்த தன்மையை உருவாக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே உருவாகிவிட்ட ஒன்றுக்கு அது சாட்சி சொல்லியது. அந்தச் சாட்சியம் பொய்யானதல்ல. ஆனால் எந்த ஒரு சாட்சியத்துக்கும் ஒரு தொடக்க ஆண்டு உண்டு. அதற்கு முன் நடந்தவை அதன் பார்வைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இக்கட்டுரை பேச முனைவது அந்தத் தொடக்க ஆண்டைப் பற்றியே.

2

முதலில் முத்திரையின் வரலாறு. 1992 யூலையில் கனடிய அரசு நியூபவுண்ட்லாந்துக் கரையோரத்தின் கொட் மீன்பிடியை முற்றாகத் தடைசெய்தது. ஐந்நூறு ஆண்டுகள் ஐரோப்பாவுக்கு உணவளித்த மீன்வளம் சரிந்துவிட்டிருந்தது. சுமார் 30,000 பேர் ஒரே அடியில் தொழில் இழந்தனர். விஞ்ஞானிகளும் அமைச்சகமும் கண்காணிப்பும் ஒதுக்கீட்டுச் சட்டங்களும் இருந்தும் இது நடந்தது. அரசுகளால் கடலைக் காக்க முடியாது என்ற எண்ணம் இதிலிருந்துதான் வலுப்பெற்றது.

1996இல் யூனிலீவர் நிறுவனமும் இயற்கைக்கான உலகளாவிய நிதியமும் கைகோத்தன. யூனிலீவர் அப்போது உலகில் உறைநிலை மீனை மிக அதிகமாக வாங்கும் நிறுவனங்களில் ஒன்று. கடலில் மீன் இல்லாமற் போனால் விற்பதற்கும் ஒன்றும் இருக்காது என்ற கணக்கு அதற்குத் தெளிவாகவே இருந்தது. 1997இல் எம்.எஸ்.சி. அமைக்கப்பட்டது. 1999இல் அது இவ்விருவரிடமிருந்தும் பிரிந்து தனித்து இயங்கத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் மேற்கு அவுஸ்திரேலியாவின் சிங்க இறால், தேம்ஸ் முகத்துவாரத்தின் ஹெரிங், அலாஸ்காவின் சால்மன் ஆகிய தொழில்கள் முதற் சான்றிதழ்களைப் பெற்றன.

அதன் முறை இவ்வாறானது. எம்.எஸ்.சி. தானே எவரையும் பரிசோதிப்பதில்லை. அது நியமத்தை மட்டும் வகுக்கிறது. பரிசோதனையைத் தனியான தணிக்கை நிறுவனங்கள் செய்கின்றன. அவற்றுக்கான கட்டணத்தைச் சான்று கேட்கும் மீன்பிடித் தரப்பே செலுத்துகிறது. மூன்று கோட்பாடுகள் பார்க்கப்படுகின்றன: எடுக்கப்படும் இனத்தின் இருப்பு, சுற்றியுள்ள உயிர்ச்சூழலின் மீதான தாக்கம், நிருவாகத்தின் திறன். ஒவ்வொன்றின் கீழும் பல குறிகாட்டிகள். எந்தக் குறிகாட்டியும் 60 புள்ளிக்குக் கீழே போகக் கூடாது. ஒவ்வொரு கோட்பாட்டினதும் சராசரி 80க்குக் குறையக் கூடாது. 60க்கும் 80க்கும் இடைப்பட்டவற்றைக் குறித்த காலத்துக்குள் திருத்தவேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்படும். சான்று பெற்ற பின், முத்திரையைப் பயன்படுத்தும் விற்பனை நிறுவனங்கள் விற்பனைப் பெறுமதியில் ஒரு சிறு வீதத்தை உரிமத் தொகையாகக் கட்டுகின்றன.

முத்திரை வெறும் அலங்காரமென்று சொல்லிவிட முடியாது. அயர்லாந்துக் கடலிலுள்ள மான் தீவின் சிறு ஸ்கலொப் தொழில் 2011இல் சான்று பெற்றது. சிப்பியின் இருப்பு குறைந்தபோது, 2014இல் அச்சான்று இடைநிறுத்தப்பட்டது. அளவுகோல் அளக்கத்தான் செய்கிறது. எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பதே எமது கேள்வி.

3

இனி ஹொக்கைடோவுக்கு வருவோம். ஸ்கலொப்புக்கு யப்பானியர் வைத்த பெயர் ஹொத்தாத்தே. ‘பாய் விரித்தது’ என்பது அதன் பொருள். மேலோட்டைப் பாய்போல உயர்த்திக் காற்றில் மிதந்து செல்லும் என்று முன்னோர் நம்பியதால் வந்த பெயர். உண்மையில் அது ஓடுகளை அடித்து மூடி, நீரைப் பீச்சித் தாவிச் செல்கிறது.

ஹொக்கைடோவின் வடமுனையில், ஒகோட்ஸ்க் கடலைப் பார்த்தபடி இருக்கிறது சருஃபுட்சு என்ற கிராமம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு சிப்பி வாரப்பட்டது, வந்தவரெல்லாம் வாரினர். கூடவே ஹெரிங் மீனும் வற்றாமல் கிடைத்தது. 1950களின் நடுப்பகுதிக்குள் ஹெரிங் வராமற் போயிற்று. சிப்பிப் பார்களும் வெறுமையாகின. வறுமை என்றால் என்னவென்று பார்க்க விரும்பினால் சருஃபுட்சுவுக்குப் போ என்று அயலவர் பரிகசிக்கும் அளவுக்கு ஊர் தாழ்ந்தது.

மீட்சிக்கான தொழில்நுட்பம் ஆய்வுகூடத்திலிருந்து மட்டும் வரவில்லை. ஹொத்தாத்தேயின் இளம் பருவம் விசித்திரமானது. முட்டையிலிருந்து வெளிவந்த நுண்ணுயிர் ஒரு மாதத்துக்கு மேலாக நீரோட்டத்தில் அலைகிறது. பின் மெல்லிய நூலிழையால் எதையாவது பற்றிக்கொள்கிறது. ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்ததும் பிடியை விட்டுக் கடலடிக்கு விழுகிறது. விழுந்தவற்றில் பெரும்பாலானவை நட்சத்திர மீனுக்கும் சேற்றுக்கும் இரையாகின்றன. நீரில் அலையும் குஞ்சுகளைப் பொருட்களில் ஒட்டவைத்துச் சேகரிக்கும் முயற்சிகள் 1930களிலேயே ஹொக்கைடோவின் சரோமா ஏரியில் தொடங்கியிருந்தன. ஆனால் ஒட்டியவை வளர்ந்து விழும்போது கைநழுவின.

1960களின் நடுப்பகுதியில், தெற்கே அஓமொரி மாகாணத்தின் முட்சு விரிகுடாவில் தொயோஷிமா தொமொதாரோ என்ற மீனவர் இதற்கு வழி கண்டார். வெங்காயம் அடைக்கும் வலைப்பைக்குள் குஞ்சு ஒட்டுவதற்கான பொருளை வைத்துக் கடலில் தொங்கவிட்டார். பையின் கண்களுக்குள்ளால் நுண்குஞ்சு நுழையும். உள்ளே பற்றி வளர்ந்து, பிடி விட்டு விழும்போது பையின் கண்களை விடப் பெரிதாகியிருக்கும். எனவே பைக்குள்ளேயே தங்கிவிடும். யப்பானின் ஸ்கலொப் தொழில் முழுவதும் இந்த வெங்காயப் பையின் மீதே எழுந்தது என்று சொன்னால் மிகையாகாது. குஞ்சுகளுக்குப் பொரிப்பகம் தேவையில்லை, தீவனம் தேவையில்லை. கடல் தருவதைப் பிடித்துவைத்து, அதன் மிகப் பலவீனமான சில மாதங்களைக் கடக்க உதவி, மீண்டும் கடலிடமே கொடுப்பதுதான் முறை.

1971இல் சருஃபுட்சுவின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், அதன் தலைவர் ஓத்தா கின்இச்சியின் முன்னெடுப்பிலும் ஊராட்சித் தலைவர் கசாய் கட்சுவோவின் துணையோடும், 1 கோடியே 40 இலட்சம் குஞ்சுகளை வாங்கிக் கடலடியில் விதைத்தது. ஒரு வறிய ஊர் தன் பொதுப் பணத்தைக் கடலுக்குள் கொட்டியது. அறுவடைக்கு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வேறிடத்தவர் வந்து அள்ளிச் செல்லமாட்டார்கள் என்பதற்கு உத்தரவாதம் வேண்டும். உறுப்பினரும் இரவில் களவாக அள்ளக் கூடாது.

இதிலிருந்து சுழற்சி முறை பிறந்தது. கடலடி நான்காகப் பிரிக்கப்பட்டது. ஓராண்டு ஒரு பகுதியில் நட்சத்திர மீன்களை வாரி அகற்றிக் குஞ்சு விதைப்பது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்றப் பகுதிகளில் விதைப்பது. மூன்று ஆண்டுகள் வளர்ந்த பகுதியில் மட்டும் அறுவடை செய்வது. எமது ஊர்களின் வயல் வரம்புகளை நினைவூட்டும் இந்த ஏற்பாடு, கண்ணுக்குத் தெரியாத வரம்புகளோடு ஒகோட்ஸ்க் கரை நெடுகப் பரவியது. எவ்வளவு எடுப்பது, எந்த நாளில் எடுப்பது என்பதைப் படகுக்காரர் தனித்தனியே முடிவுசெய்வதில்லை. சங்கமே முடிவுசெய்கிறது. தெற்கே ஃபுன்கா விரிகுடாவிலோ, சிப்பியின் காதோரத்தில் துளையிட்டுக் கயிற்றில் கோத்துத் தொங்கவிடும் முறை வேரூன்றியது.

நல்ல ஆண்டுகளில் ஹொக்கைடோ முழுவதுமாக 3 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட ஸ்கலொப்பைத் தரும் நிலை உருவானது. வறுமைக்கு உவமையாக இருந்த சருஃபுட்சு, 2010களில் ஆள்வீத வருமானத்தில் யப்பானின் உள்ளூராட்சிகளுள் முதல் சில இடங்களுக்குள் வந்தது. இவையெல்லாம் நிகழ்ந்து முடிந்த பின்னரே தணிக்கையாளர் தமது கோப்புகளோடு வந்தனர்.

4

இத்தகைய ஒழுங்கு ஏன் அங்கு சாத்தியமானது? யப்பானியரின் பண்பாடு, கட்டுப்பாடு, சமூக உணர்வு என்ற வழக்கமான பதில்களை நான் நம்பவில்லை. அதே பண்பாட்டினர்தான் 1950களுக்கு முன் அதே கடலைச் சுரண்டித் தீர்த்தனர். பண்பாட்டை விடச் சட்டத்தைப் பார்ப்பதே பயன் தரும்.

மெய்ஜி அரசின் 1901ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டம், கரையோரக் கடலில் கிராமச் சங்கங்களுக்குத் தனியுரிமை வழங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், அமெரிக்க ஆக்கிரமிப்பின் கீழ் நடந்த நிலச் சீர்திருத்தத்தைப் போலவே கடலிலும் ஒரு சீர்திருத்தம் நடந்தது. 1948இல் கூட்டுறவுச் சங்கச் சட்டமும் 1949இல் புதிய மீன்பிடிச் சட்டமும் வந்தன. பழைய உரிமைகளை அரசு ஈட்டுத்தொகை கொடுத்து நீக்கி, உண்மையில் கடலில் இறங்குவோரின் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பகிர்ந்தது. சருஃபுட்சு 1971இல் விதைக்கத் துணிந்தது இந்த உரிமையின் பலத்தில்தான். அறுவடை தனக்கே என்று தெரிந்தவனே விதைப்பான்.

இந்த இடத்தில் எமது கரையையும் ஒரு கணம் நினைப்பது பொருத்தமானது. ஏனெனில், யப்பானிய அரசு கிராமங்களுக்குக் கடலுரிமை வழங்கிய அதே காலத்தில், மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிப் பார்கள் குறித்தும் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. பிரித்தானிய உயிரியலாளர் ஹேர்ட்மன் 1902இல் இலங்கைக்கு வந்து பார்களை ஆராய்ந்தார். அவருடைய அறிக்கை 1903க்கும் 1906க்கும் இடையில் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. அக்கால அறிவியலின் தரத்தில் அது ஒரு சாதனை. 1905இல் பெரும் முத்துக்குளிப்பு நடந்தது. மறு ஆண்டு குடியேற்ற அரசு பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு இலண்டன் கம்பனியொன்றிடம் கையளித்தது. 1907க்குப் பின் பார்கள் நீண்ட காலம் வெறுமையாகக் கிடந்தன. கம்பனியும் கலைக்கப்பட்டது. முத்துச்சிப்பி இயல்பாகவே சில காலம் பெருகிச் சில காலம் மறையும் உயிரினம். எனவே பழி முழுவதையும் கம்பனி மீது போடுவது நேர்மையாகாது. ஆனால் ஒப்பீடு தெளிவானது. மன்னாரில் அறிவியல் இருந்தது, முதலீடு இருந்தது, கண்காணிப்பும் இருந்தது. பார்களைத் தலைமுறைகளாக அறிந்த குளியாளரும் கரையோர ஊரவரும் கூலிகளாக மட்டும் இருந்தனர். வெறுமையான பாரை மீண்டும் நிரப்பக் காத்திருக்கும் உரிமையோ காரணமோ அவர்களுக்கு இருக்கவில்லை. சருஃபுட்சுவின் கடற்றொழிலாளருக்கு அந்த உரிமை இருந்தது.

எனவே நீடித்த தன்மையின் அடித்தளம் உரிமையே. இன்று அந்த அடித்தளத்தின் நிலை என்ன? 2018இல் யப்பானிய நாடாளுமன்றம் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெருமளவில் திருத்தியது. 2020 டிசெம்பரில் அத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. கடல் வளர்ப்புக்கான உரிமையை வழங்குகையில் உள்ளூர்ச் சங்கங்களுக்கு இருந்த முன்னுரிமை வரிசை நீக்கப்பட்டது. கடற்பரப்பைப் பொருத்தமாகவும் பயனுள்ளதாகவும் பயன்படுத்துவோரிடமிருந்து உரிமையைப் பறிக்கக் கூடாது என்று சட்டம் கூறுகிறது. ஆனால் பொருத்தம் எது, பயன் எது என்று தீர்மானிப்பவர் யார்? கம்பனிகள் நுழையும் கதவு திறந்துகொண்டிருக்கிறது. சிப்பியின் இருப்பை ஆண்டுதோறும் அளக்கும் தணிக்கை, சிப்பியை மீட்டவர்களின் உரிமை கரைவதை எத்தனை புள்ளிகளால் அளக்கும்?

5

ஆனால் கதையை இங்கு நிறுத்தினால், கூட்டுறவின் வெற்றிக் கதையாக மட்டும் அது முடிந்துவிடும். இன்னும் பின்னே செல்லவேண்டியிருக்கிறது.

ஹொத்தாத்தேயின் அறிவியற் பெயரின் இரண்டாம் பகுதி ‘யெஸ்ஸோயென்சிஸ்’. ‘எசோவைச் சேர்ந்தது’ என்று பொருள். அப்பெயரைச் சூட்டியவர் ஜே என்ற அமெரிக்கர். 1853இலும் 1854இலும் யப்பானின் கதவைப் பீரங்கிக் கப்பல்களோடு தட்டிய கொமடோர் பெரியின் பயணத்தில் சேகரிக்கப்பட்ட ஓடுகளை அவர் வகைப்படுத்தினார். 1857இல் பெயர் பதிவானது. அன்று எசோ என்பது யப்பானியர் தமது வடக்கெல்லைக்கு அப்பாலிருந்த ஐனு மக்களின் நிலத்துக்கு வழங்கிய பெயர். 1869இல் மெய்ஜி அரசு அந்நிலத்தைத் தன்னோடு இணைத்து ஹொக்கைடோ என்று பெயர் மாற்றியது. எவருக்கும் சொந்தமற்ற நிலம் எனக் கொள்ளப்பட்டு அது குடியேறிகளுக்குப் பகிரப்பட்டது. வரைபடத்திலிருந்து நீங்கிய எசோ, ஒரு சிப்பியின் இலத்தீன் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஊர்ப் பெயர்களும் அப்படியே. சருஃபுட்சு, சரோமா ஆகிய இரு பெயர்களும் நாணற் புதரைக் குறிக்கும் ஐனுச் சொல்லிலிருந்து வந்தவை. பெயர் தங்கியது, பெயரிட்டவரின் உரிமை போயிற்று. 1870களிலும் 1880களிலும் ஆறுகளில் சால்மன் பிடிப்பது படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது. மீன்வளத்தைப் பேணுவது என்பதே அன்று கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. இதைக் கவனத்திற் கொள்ளவேண்டும். ‘பேணல்’ என்ற சொல் கடலோரங்களுக்கு முதன்முதலில் வந்தபோது, ஒரு மக்களின் உணவைப் பறிக்கும் சட்டத்தின் சொல்லாகவும் வந்தது. 1899இல் இயற்றப்பட்ட சட்டமோ ஐனுக்களை ‘முன்னாள் பூர்வகுடிகள்’ என்று அழைத்து, அவர்களை விவசாயிகளாக்க முனைந்தது. அச்சட்டம் 1997 வரை ஏட்டில் இருந்தது. ஐனுக்கள் பூர்வகுடிகளே என்று யப்பானியச் சட்டமொன்று ஏற்றுக்கொள்ள 2019 ஆகவேண்டியிருந்தது. அச்சட்டத்திலும் நிலத்துக்கோ நீருக்கோ உரிமை தரப்படவில்லை. சடங்குக்காகச் சால்மன் பிடிக்க அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான்.

அதே 2019இல், ஒகோட்ஸ்க் கரையின் முக்கிய சிப்பித் துறைமுகங்களில் ஒன்றான மொன்பெத்சுவில், ஐனு முதியவர் ஒருவர் அனுமதி கேட்க மறுத்து ஆற்றில் சால்மன் பிடித்தார். மூதாதையரின் ஆற்றில் மீன்பிடிக்க யாரிடம் அனுமதி கேட்பது என்பது அவர் நிலைப்பாடு. பொலிஸ் விசாரணை நடந்தது. 2020இல் உரஹொரோ என்ற இடத்தின் ஐனு அமைப்பொன்று, ஆற்று முகத்துவாரத்தில் சால்மன் பிடிக்கும் உரிமை தமக்கு உண்டு என்று அறிவிக்குமாறு கோரி வழக்குத் தொடுத்தது. 2024 ஏப்ரலில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

இதற்கும் சிப்பிச் சான்றிதழுக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஐனுக்களின் வாழ்வு முதன்மையாகச் சால்மனைச் சுற்றியது. இன்று சிப்பி விதைக்கப்படும் ஆழ்கடற் படுகைகளைச் சுற்றியதல்ல. சருஃபுட்சுவின் கூட்டுறவாளர் எவரிடமிருந்தும் சிப்பியைப் பிடுங்கவில்லை. ஆனால் எம்.எஸ்.சி. நியமத்தின் மூன்றாவது கோட்பாட்டிலேயே ஒரு வாசகம் உண்டு. உணவுக்காகவோ பிழைப்புக்காகவோ மீன்பிடியைச் சார்ந்திருக்கும் மக்களின், சட்டத்தாலோ வழக்காற்றாலோ நிலைபெற்ற உரிமைகளை நிருவாக முறை மதிக்கிறதா என்று அது கேட்கிறது. நல்ல கேள்வி. ஆனால் அந்த வழக்காறு நூற்றிமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே சட்டத்தால் துடைத்தழிக்கப்பட்டிருந்தால்? அப்போது மதிப்பதற்கு உரிமையே எஞ்சியிருக்காது. உரிமை எஞ்சாத இடத்தில் மீறலும் இருக்காது. முழுமையாக வென்ற ஆக்கிரமிப்பு இத்தகைய அளவுகோலில் குறை எதுவும் இல்லாததாகவே தெரியும். பாதியில் நிற்கும் ஆக்கிரமிப்புத்தான் புள்ளி இழக்கும்.

தொடக்க ஆண்டு பற்றி நான் முன்பு சொன்னது இதைத்தான். 1971இலிருந்து எண்ணினால் சருஃபுட்சு மீட்சியின் கதை. 1901இலிருந்து எண்ணினால் கரையோர ஏழைகள் பெற்ற உரிமையின் கதை. 1869இலிருந்து எண்ணினால் பறிப்பின் கதை. மூன்றும் ஒரே கடலின் கதைகள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது எமக்கும் புதிதல்ல. எமது நிலத்தின் வரலாற்றையும் ஒவ்வொரு தரப்பும் தனக்கு வசதியான ஆண்டிலிருந்தே தொடங்குகிறது.

6

அளவுகோலுக்கு வெளியே நிற்கும் மற்றொன்று, சிப்பியை உடைக்கும் கைகள். ஒகோட்ஸ்க் கரையின் ஊர்களில் இளையோர் குறைவு. பதனிடும் ஆலைகளில் ஓட்டைத் திறந்து தசையை எடுக்கும் வேலையை முதலில் சீனத்திலிருந்தும், பின்னர் வியட்நாமிலிருந்தும் வந்தோர் செய்தனர். அவர்களில் பலர் 1993இல் தொடங்கிய ‘தொழிற்பயிற்சி’த் திட்டத்தின் கீழ் வந்தவர்கள். பெயரளவில் பயிற்சி, நடைமுறையில் வேலை வழங்குநரை மாற்றும் உரிமையற்ற உழைப்பு. பலத்த கண்டனங்களின் பின் 2024இல் அத்திட்டத்துக்குப் பதிலாகப் புதிய முறையொன்றை 2027இல் கொண்டுவரச் சட்டம் இயற்றப்பட்டது. நோர்வேயின் வடமுனை மீன் ஆலைகளில் குளிரில் விறைத்த விரல்களோடு மீன் வெட்டிய எம்மவருக்கு இந்தக் கைகளைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. எம்.எஸ்.சி. தொழிலாளரைக் கவனிக்கத் தொடங்கியதே பின்னாளில்தான். கட்டாய உழைப்புக்காகத் தண்டிக்கப்பட்ட நிறுவனங்களை விலக்குவதாக 2014இல் அது அறிவித்தது. அதன் நியமம் பிறந்தபோது மீன் மட்டுமே அதன் கண்ணில் இருந்தது.

சருஃபுட்சு மண்ணுக்கு இதைவிடப் பழைய கடனும் உண்டு. போர்க்காலத்தில் அங்கு அமைந்த அசஜினோ இராணுவ விமானத்தளத்தைக் கட்டக் கொரியர்கள் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டனர். இறந்து புதைக்கப்பட்டவர்களின் எலும்புகளை 2006இலும் அதன் பின்னரும் யப்பானிய, கொரிய இளைஞரும் ஊரவரும் சேர்ந்து தோண்டியெடுத்தனர். ஒரு ஊர் தன் கடனைத் தானே தோண்டிப் பார்த்த அந்தச் செயலுக்கு எந்த முத்திரையும் இல்லை.

இறுதியாக, முத்திரை அளித்த சந்தைப் பாதுகாப்பு எவ்வளவு? 2023 ஓகஸ்ட் 24ஆம் திகதி ஃபுகுஷிமா அணு உலையின் சுத்திகரிக்கப்பட்ட நீரைக் கடலில் விடத் தொடங்கிய அன்றே, சீனம் யப்பானின் கடலுணவு முழுவதையும் தடைசெய்தது. அதற்கு முந்திய ஆண்டில் யப்பானின் ஸ்கலொப் ஏற்றுமதியின் பெறுமதியில் ஏறத்தாழப் பாதி சீனத்துக்கே போயிருந்தது. அதில் ஒரு பகுதி அங்கே மலிவான கூலியில் உடைக்கப்பட்டு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஃபுகுஷிமாவிலிருந்து வெகுதொலைவிலுள்ள ஒகோட்ஸ்கின் குளிர்களஞ்சியங்கள் விற்காத சிப்பியால் நிரம்பின. அதே ஆண்டு ஒக்டோபரில் யப்பானிலுள்ள அமெரிக்கப் படைத்தளங்கள் ஸ்கலொப்பை வாங்க முன்வந்தன. பெரியின் போர்க்கப்பல்களோடு அறிவியலேட்டில் ஏறிய சிப்பி, 170 ஆண்டுகளின் பின் அதே நாட்டின் படைவீரரின் தட்டுக்கு வந்தது. வல்லரசுகளின் பூசலில் நீல முத்திரை ஒரு குடையாகக்கூட உதவவில்லை.

சூடேறும் கடலும் எந்தத் தணிக்கைக்கும் காத்திருக்கவில்லை. 2010 கோடையில் முட்சு விரிகுடாவின் நீர் வெப்பமேறித் தொங்கவிட்ட சிப்பிகள் பெருமளவில் மடிந்தன. 2023 கோடையிலும் அதுவே நிகழ்ந்தது. கூட்டுறவு தன் வரம்புக்குள் எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும், கடலைச் சூடாக்குவோர் அந்த வரம்புக்கு வெளியே இருக்கிறார்கள். முத்திரை குத்திய பொதியை நல்ல மனச்சாட்சியோடு வாங்கும் எம் போன்ற நுகர்வோரும் அவர்களில் அடக்கம்.

7

இவ்வளவும் சொல்வதன் நோக்கம் முத்திரையைக் கிழித்தெறிய வேண்டும் என்பதல்ல. கடலின் இருப்பை ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்க ஒருவர் இருப்பது, எவரும் இல்லாதிருப்பதை விட மேலானது. நியூபவுண்ட்லாந்து அதைக் கற்பித்தது. ஆனால் அளக்கப்படுவதே உண்மை, அளக்கப்படாதது இல்லை என்ற மயக்கத்துக்கு நாம் இடங்கொடுக்கக் கூடாது. எமது அகதி விண்ணப்பங்களைப் பரிசீலித்த அதிகாரிகளிடம் நாம் பட்டறிந்ததும் இதையேதான். படிவத்தில் கட்டம் இல்லாத துன்பம் அவர்களுக்குத் துன்பமாகத் தெரியவில்லை.

யாழ்ப்பாணக் குடாக்கடலில் கடலட்டைப் பண்ணைகளுக்கு அனுமதி வழங்குவது குறித்துக் கடந்த சில ஆண்டுகளாக எமது கடற்றொழிலாளரிடையே கடும் சர்ச்சை நிலவுகிறது. நாளை அந்தப் பண்ணைகளுக்கும் ஏதோவொரு முத்திரை வரலாம். அப்போது நாம் கேட்கவேண்டிய கேள்விகளை ஹொக்கைடோ முன்கூட்டியே தந்திருக்கிறது. கடலடியில் வேலி போடும் உரிமை யாருக்கு, யாரால், எந்தக் காலத்துக்கு வழங்கப்பட்டது? விதைத்தவரே அறுப்பாரா? வேலி வருமுன் அந்த நீரில் வலை வீசியவர் எங்கே போனார்? அவருடைய வழக்காறு எந்த ஆண்டிலிருந்து எண்ணப்படுகிறது?

சருஃபுட்சுவின் கூட்டுறவாளர் முதல் மூன்று கேள்விகளுக்கும் தயக்கமின்றிப் பதில் சொல்லக்கூடியவர்கள். அதில் நாம் கற்கவேண்டியது நிறைய உண்டு. நான்காவது கேள்விக்கு அவர்களுடைய அரசு இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு எமது சங்கங்கள் என்ன பதில் வைத்திருக்கின்றன, குறிப்பாகப் போரால் கடலை இழந்து திரும்பி வந்தவர்களையும் வராமலே போனவர்களையும் எந்த ஆண்டிலிருந்து எண்ணப் போகின்றன என்பது குறித்து, கடற்றொழிலை அறிந்த நண்பர்கள் இப்பக்கங்களில் எழுதவேண்டும்.